சிறுத்தைக்குக் கண் கொடுத்த மான்

ஒரு காட்டில், நிழலில் ஒதுங்கக்கூட டோக்கன் வாங்க வேண்டியிருந்த காலத்தில், கோதண்டம் என்றொரு சிறுத்தை வாழ்ந்துவந்தது. வாழ்ந்துவந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. அதற்குக் கிட்டப்பார்வை அவ்வளவு மோசம். மூக்குக்கு முன்னால் போகும் எறும்பு தெரியும். அதைத் தாண்டினால் உலகமே மோர்க்குழம்பு. சோடாபுட்டிக் கண்ணாடியோடு பாய்ந்தால் கண்ணாடி ஒரு பக்கம் விழும், சிறுத்தை ஒரு பக்கம் விழும், இரை வீட்டுக்குப் போய்விடும். கழற்றி வைத்துவிட்டுப் பாய்ந்தால் வாயில் கரையான் புற்று.

மச்சான் வீரபாகு தின்று மிச்சம் வைத்த எலும்பில்தான் கோதண்டத்தின் காலம் ஓடியது. "இது எலும்பு மாப்ளே. கல்லுன்னு நினைச்சு விட்டுறாதே" என்று வேறு அது சொல்லும். கோதண்டத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். சொந்தமாக ஒரே ஒரு மான் அடித்துச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அதன் வாழ்நாள் ஆசை.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனது. கண் என்றாலே மான் என்று ஊர் உலகம் முடிவு செய்துவிட்டதால், அந்தக் காட்டில் கண் டாக்டர்கள் எல்லாருமே மான்கள்தான். டாக்டர் மரகதவல்லி புள்ளிமான். மானே ஆனாலும் டாக்டர் என்பதால் வந்தார், போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கண் பாப்பா விரிய மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். இரண்டு முயல்களுக்கு நடுவில் சிறுத்தை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிறகு டாக்டர் கூப்பிட்டார்.

"எதிர்ல என்ன தெரியுது?"

"சுவர் டாக்டர்."

"அது யானை. எங்க ரிசப்ஷனிஸ்ட்."

கருவிழியின் தடிமனைக் கருவியில் பார்த்துவிட்டு, லேசர் செய்யலாம் என்றார். "ஆமா, கண்ணாடி ஏன் வேண்டாம்கறீங்க?"

"தொழிலுக்கு இடைஞ்சலா இருக்கு டாக்டர்."

"என்ன தொழில்?"

கோதண்டம் தரையைப் பார்த்தது. "இந்த... அசைவம் சம்பந்தப்பட்டதுதான்."

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு, "வியாழக்கிழமை வாங்க" என்றார்.

வியாழக்கிழமை படுக்கவைத்து, இமையை இழுத்துப் பிடித்து, பச்சைப் புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். முடி கருகுகிற வாசனை வந்தது. கோதண்டத்துக்குப் பசி எடுத்தது.

மறுநாள் கண்மூடியை எடுத்ததும் கோதண்டம் அழுதுவிட்டது. மரத்தில் இலைகள் தனித்தனியாக இருக்கும் என்று அதற்கு யாருமே சொன்னதில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்து, எதிரே நின்ற டாக்டர் எவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறார் என்பதும் தெரிந்தது. நாக்கைச் சப்புக்கொட்டியது.

"ஆபரேஷன் அருமையா வந்திருக்கு" என்றார் டாக்டர், ஓரடி பின்னால் நகர்ந்து. "ஆனா ஓடக்கூடாது, தூசி விழும். புல்லுக்குள்ள பதுங்கக்கூடாது, நுனி குத்தும். பாயவே கூடாது. துள்ற இரை கொம்பால ஒரு இடி இடிச்சா கண்ணு அவ்வளவுதான்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"அடுத்த ரெவ்யூல பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடுங்க."

அடுத்த ரெவ்யூவில், "நல்லா ஆறிட்டு வருது, இப்பப் போய்க் கெடுத்துக்காதீங்க" என்றார். அதற்கடுத்த ரெவ்யூவிலும் அதையேதான் சொன்னார். கிடைத்த கண்ணைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? கோதண்டம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மேயும் மான்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து கீரை தின்றது.

வீரபாகு வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

கோதண்டத்துக்குக் கோபம் வரவில்லை. "மச்சான், அந்த மேட்டுல மேயற மானோட காதுல உண்ணி ஒட்டியிருக்கே, தெரியுதா?"

வீரபாகு உற்றுப் பார்த்தது. "மான் தெரியுது. உண்ணி தெரியலையே."

"ஆரம்பம்தான். முத்த விடாதே. நம்ம டாக்டர் கைராசிக்காரங்க, ஒரு தடவை காட்டிரு."

இத்தனை வருஷமாக உண்ணி தெரியாமலே விதவிதமாக வேட்டையாடித் தின்ற வீரபாகு மறுநாளே போய்க் காட்டியது. டாக்டர் நெடுநேரம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். "சும்மா ஒரு சொட்டு மருந்து எழுதறேன். ஆனா ஓடாதீங்க."

நீதி: உன்னைத் தின்ன வருகிறவனைத் தாராளமாகக் குணப்படுத்து, குணமாகிவிட்டது என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.