வேலுவைப் பாஷா தலையில் கட்டிய கதை

இந்த வருஷம் மெஹபூப் பாஷாவைத் தோற்கடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். சர்க்கார் மட்டும்தான் ஐந்தாண்டுத் திட்டம் போட வேண்டுமா? நானும் போட்டிருந்தேன்; இது ஐந்தாவது வருஷம்.

எங்கள் ஃபுட்பாலில் பந்து கிடையாது. நானும் பக்கத்து வீட்டுத் தையற்கடை பாஷாவும் லீக் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்வோம். அவர்கள் மைதானத்தில் போடும் கோல் எங்கள் கணக்கில் சேரும். எடுத்த ஆள் வருஷக்கணக்கில் நம் ஆள், வேண்டுமானால் எங்களுக்குள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். பாஷாவிடம் இருந்தது எல்லாம் பெரிய தலைகள். அந்தத் தலைகளுக்கு வழுக்கை விழும்வரை பொறுப்போம் என்று நான் இளசுகளாகச் சேர்த்தேன்.

என் மனைவி பங்கஜத்திடம் சவால் வேறு. "இந்த வருஷமும் தோத்தா, ஞாயித்துக்கிழமை பூரா உனக்கு."

அவளுக்கு ஞாயிறு என்றால் கொட்டிவாக்கத்தில் அண்ணன் வீடு. அவர் தன் நில வழக்கை முதல் வாய்தாவிலிருந்து சொல்லுவார். எனக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அரிக்கேன் வெளிச்சத்தில் பங்கஜம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் என் ஆட்களின் பெயர்களை ஆசையாகச் சொல்லிப் பார்த்தேன். இனாயத் என்றதும் அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

"அவன் வேணாங்க."

"ஏன்?"

"முட்டி போயிரும்."

நிமிரக்கூட இல்லை. அந்த ஞாயிறே இனாயத்தை மைதானத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். முட்டிதான். மைதானம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவள் இவள்.

அடுத்து ஹனீஃபா. "கணுக்கால்," என்றாள். கணுக்காலேதான். அதன்பிறகு அவள் தந்த காப்பியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். சுவரில் அவள் நிழல் அவளைவிடப் பெரிதாக உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது.

பயத்திலும் புத்தி வேலை செய்தது. இனி இவள் வாயில் விழுகிறவனைப் பாஷா தலையில் கட்டிவிட்டால் போயிற்று.

"வேலு," என்றேன். என் ஆட்களில் தங்கம் அவன். அரிவாள்மணை நின்றது. நறுக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டாள்.

"அவனும் படுத்துருவான்."

அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னா நைனா, வேலுவயா குடுக்கிறே? ஒடம்பு நல்லா கீதா?" என்றார் பாஷா.

"உங்களுக்கில்லாததா பாய்?" பதிலுக்கு ஒரு கிழட்டு கோல்கீப்பரை வாங்கி வந்தேன்.

வேலு படுக்கவில்லை. சீசன் முடியும்வரை இரண்டு காலாலும் கோலாகப் போட்டுத் தள்ளினான். பாஷா ஜெயித்தார்.

அடுத்த ஞாயிறு, கொட்டிவாக்கம் போகும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தப் பசங்க ஓடிப் பழகறது சாந்தோம் மணல்லதானே? மீன்காரி சுப்பம்மா தெனம் பாக்கறா. எவன் முட்டி வீங்கியிருக்கு, எவன் நொண்டறான்னு மீனோட சேத்துச் சொல்லிட்டுப் போவா."

"அப்ப வேலு?"

பங்கஜம் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"அது மட்டும் நானா சொன்னது."