ஆடி மாத நகல்

கடலின் நடுவே கோமேதகத் தீவு என்றொரு நாடு இருந்தது. அங்கே உப்புக்காற்று கணினிகளை அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கோப்புகளின் நகலைப் பென் டிரைவில் ஏற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பார்கள். தை மாதம் குமுதினிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, பிறப்புச் சான்றிதழின் நகல் அடுத்த வீட்டுச் சிந்தாமணியின் அரிசிப் பானைக்குள் போனது.

மன்னருக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை.

"அண்டை வீட்டை நம்புவது அரசை நம்பாததற்குச் சமம்," என்றார் காப்புத்துறை அமைச்சர். "எல்லா நகலுக்கும் அரண்மனையின் காப்புக் கோப்புறை ஒன்றே போதும்."

வீடுவீடாகப் பென் டிரைவ்களை வாங்கிக் கடலில் கொட்டினார்கள். சிந்தாமணியும் பானையைக் கவிழ்த்துக் கொடுத்தாள்.

அந்த நாட்டில் மன்னரையும் வாக்களித்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்; பங்குனித் தேர்தலில் மன்னர் தோற்றார். மறுநாள் அமைச்சர் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்தார்: "அரசுக் கோப்புகள் பழுதாகிவிட்டன. சென்ற ஆடியில் எடுத்த நகலை மீட்டிருக்கிறோம். அதன்படி மன்னரே மன்னர்."

ஆடிக்குப் பிறகு நடந்த எதுவும் நடக்கவில்லை என்றாயிற்று. கார்த்திகையில் கட்டிய பாலத்தில் போனவர்களுக்கு, ஆற்றின்மேல் நடந்ததாக அபராதம் விழுந்தது.

குமுதினியின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனை எழுத்தர் திரையைப் பார்த்தார்.

"பேரே இல்லியேம்மா. இன்னும் பொறக்கல போல."

"கையில இருக்கே சார்! தொட்டுப் பாருங்க, கொதிக்குது."

"எனக்குத் தெரியுதும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே. நகல் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

குமுதினி திரும்பிப் பார்த்தாள். கூட வந்திருந்த சிந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயந்துட்டேன்டி. தெருவே குடுத்துச்சு."

"அப்ப மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றார் எழுத்தர்.

மனு உள்ளே போனது. குழந்தை வாசலிலேயே இறந்தது. பிறக்காதவர் இறக்க முடியாது என்று மயானத்திலும் இடம் தரவில்லை. அரசின் கணக்கில் இல்லாத அந்தப் பாலத்தின் அடியில் இரண்டு பெண்களும் குழி தோண்டினார்கள்.

மறுபடியும் தேர்தல் வந்தது. இம்முறை மன்னர் வென்றார். கோப்புகள் உடனே குணமாகி, புதிய பதிவுகளை ஏற்கத் தொடங்கின. அமைச்சரே இனிப்புப் பெட்டியோடும் மடிக்கணினியோடும் குமுதினியின் வீட்டுக்கு வந்தார்.

"மகிழ்ச்சியான செய்தி, அம்மா. உங்கள் மனு ஏற்கப்பட்டது. குழந்தையைத் தூக்கி வாருங்கள், பதிந்துகொள்வோம்."

குமுதினி மடிக்கணினியைக் காட்டினாள்.

"தோத்த ராஜாவத் திருப்பிக் கொண்டாந்தீங்களே ஐயா, அந்த நகல்ல எம்பொண்ணு இருக்காளா பாருங்க."

அமைச்சர் பொறுமையாகத் தேடினார். ஆடி மாத நகலில் குமுதினி கர்ப்பிணியாக இருந்தாள்.

"வாழ்த்துகள்," என்று இனிப்பை நீட்டினார்.