தேய்ப்பவர் கையில் ரிமோட்

இனிமேல் சனிக்கிழமை காலைகளில் ரிமோட் தன் கையில்தான் இருக்க வேண்டும் என்று நெவில் டக்கெட் பல் துலக்கும்போது முடிவு செய்தான். வாய் நிறைய நுரையோடு எடுத்த முடிவு. ஆனாலும் உறுதியான முடிவு. கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கண்ணாடியில் இருந்தவனும் ஆட்டினான். அந்த வீட்டில் நெவில் சொன்னதற்கு உடனே தலையாட்டும் ஒரே ஆள் அவன்தான்.

சங்கதி இதுதான். டக்கெட் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சனிக்கிழமை காலையில் யார் துணி தேய்க்கிறார்களோ, டிவி ரிமோட் அவர்கள் கையில். கல்யாணமான புதிதில் மார்லீன் போட்ட சட்டம். "நின்னுக்கிட்டு வேகறவளுக்கு எதைப் பாக்கறதுங்கற உரிமையாவது இருக்கட்டும்" என்றாள். தேய்க்காமல் தப்பித்தோமே என்ற சந்தோஷத்தில் நெவில் சரி என்றான். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் அவன் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் சனிக்கிழமை காலை என்றால் டிவியில் பாட்டு வீடியோதான். இப்போது வேண்டியதை வேண்டிய நேரத்தில் தேடிப் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் பழக்கம் போகவில்லை. மற்ற நாட்களில் நெவில் விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்விடுவான். கைபேசியில் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், அவர்களோடு ஒரு வாரம் பேச மாட்டான்.

மார்லீனுக்குப் பாப் பாட்டு. நெவிலுக்கு எலக்ட்ரானிக் இசை. சண்டைக்கு வேறு காரணமே வேண்டியதில்லை.

பாப் வீடியோக்களைப் பற்றி நெவிலுக்குப் பல சந்தேகங்கள் உண்டு. எல்லாவற்றிலும் காற்று அடிக்கிறது. பாடுகிறவள் கூடத்துக்குள் நிற்கிறாள், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, முடி மட்டும் பறக்கிறது. மழையில் தொப்பலாக நனைகிறார்கள், ஒருவருக்கும் சளி பிடிப்பதில்லை. காதலன் விட்டுவிட்டுப் போனான், எனக்கு யாருமில்லை என்று அழுகிறவளுக்குப் பின்னால் இருபது பேர் ஒரே மாதிரி சட்டை போட்டு ஆடுகிறார்கள். இத்தனை பேர் கூட இருக்கும்போது அழுவானேன்?

அவனுக்குப் பிடித்தது வேறு ரகம். ஒரு ஜெர்மானிய வீடியோவில் ஏழு நிமிடம் ஒரு முக்கோணம் சுற்றும். கடைசியில் சதுரமாகும். அவ்வளவுதான். அதை முதன்முதலாகப் பார்த்தபோது நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்று கூடக் கலங்காதவன் என்று மார்லீன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் இயந்திரங்களின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவன் வேலை. எதுவும் அவசரப்படாமல் மாறுவதில் ஒரு அழகு இருக்கிறது என்பது அவன் கட்சி.

இந்தத் திடீர் வீரத்துக்குக் காரணம் ஒரு அறிவிப்பு. அவன் இளவட்டமாக இருந்தபோது பாதி மட்டும் பார்த்த ஒரு வீடியோ இருந்தது. ஓடும் ரயிலின் ஜன்னல்கள், மெல்லிய தாளம், கடைசியில் எல்லா ஜன்னலும் சேர்ந்து ஏதோ ஆகும் என்று கேள்வி. அந்தப் பாதியில் மின்சாரம் போயிற்று. அதற்குப் பிறகு அந்த வீடியோ எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது அந்தக் குழுவினர் பழைய படச்சுருளைச் சுத்தம் செய்து, ஒரே ஒரு முறை உலகம் முழுக்க நேரலையாகக் காட்டிவிட்டு, ஒரு அருங்காட்சியகத்தில் பூட்டி வைக்கப் போகிறார்களாம். ஜெர்மனியில் வெள்ளி இரவு. நியூகாசிலில் சனி காலை. இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் ரிமோட் கைக்கு வந்தாக வேண்டும்.

முதல் சனிக்கிழமை அவளுக்கு முன்னால் எழுந்தான். தேய்க்கும் மேஜையை டிவிக்கு எதிரே விரித்தான். அது விரிவதற்குள் அவன் விரலை ஒரு கடி கடித்தது. இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, ஒரே ஒரு கைக்குட்டையை எடுத்து வைத்தான்.

மார்லீன் டீக்கோப்பையோடு வந்து நின்றாள்.

"நெவ், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நல்லாத்தான் இருக்கேன். துணி தேய்க்கிறேன்."

"எந்தத் துணி?"

"கைக்குட்டை."

"நீ சட்டைக் கையிலதானே மூக்கைத் துடைப்ப?"

"இனிமே நாகரிகமா இருக்கப் போறேன். ரிமோட்டைக் குடு."

"எதுக்கு?"

"சட்டம். தேய்க்கறவங்க கையில ரிமோட். நீ போட்டதுதான்."

பெரிய யுத்தம் வரும் என்று நெவில் இரண்டு காலையும் ஊன்றி நின்றான். மார்லீன் கைக்குட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ரிமோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிறகு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். இவ்வளவு சுலபமாகக் கிடைத்தபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

முக்கோணம் ஓடியது. அதற்குப் பிறகு பச்சைக் கோடுகள். அப்புறம் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் அசையாமல் நிற்பது. கைக்குட்டைமேல் பெட்டி போய் வந்துகொண்டே இருந்தது.

"நெவ், பாவம், அதை விட்டுடு."

"ஒரு ஓரத்துல சுருக்கம் இருக்கு."

"அதுல இருந்த பூவே போயிடுச்சு."

"பூ போனா என்ன, துணி இருக்கே."

"சரி, ஒண்ணு பேசி முடிச்சுக்கலாம். கூடையில துணி இருக்கற வரைக்கும், நீ தேய்க்கற வரைக்கும், ரிமோட் உன்கிட்ட. கூடை காலியானாலோ, நீ பெட்டியைக் கீழ வச்சாலோ என்கிட்ட. ஒரே துணியை ரெண்டு தடவை தேய்க்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று கை குலுக்கினான். கூடை எப்போதும் வழியத்தான் செய்யும் என்பது அவன் எண்ணம். அந்தக் கூடையை வாழ்க்கையில் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருந்தால் அப்படி எண்ணியிருக்க மாட்டான்.

இரண்டே பேர் இருக்கும் வீடு, அதுவும் கோடைக்காலம். அடுத்த சனிக்கிழமை முக்கோணம் சதுரமாவதற்குள் கூடை காலி. மிச்சக் காலை முழுக்கக் காற்றும் மழையும் இருபது பேர் ஆட்டமும். மத்தியானமே நெவில் துணி வேட்டையில் இறங்கினான். தலையணை உறை, பாத்திரம் துடைக்கும் துணி, திரைச்சீலை, கடற்கரைக்குக் கொண்டுபோகும் துண்டு, தோட்டத்து பார்பிக்யூ அடுப்பின் மேல் போர்த்தியிருந்த உறை எல்லாம் கூடைக்கு வந்தன. போதவில்லை. வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு ஸ்டாவ்ரோஸைக் கூப்பிட்டான்.

"ஸ்டாவ்ரோஸ், உன் சட்டையெல்லாம் கசங்கிக் கிடக்கே."

"நானே கசங்கித்தான் கிடக்கேன். இப்ப என்ன அதுக்கு?"

"குடு, நான் தேய்ச்சுத் தரேன்."

ஸ்டாவ்ரோஸ் திரும்பித் தன் தோட்டத்தை ஒரு முறை கவலையோடு பார்த்தான். "என் எலுமிச்சை மரத்தை ஏதாவது பண்ணிட்டியா?"

"சேச்சே. பக்கத்து வீடாச்சேன்னு ஒரு பாசம்."

"போன வருஷம் ஏணி கேட்டப்ப இந்தப் பாசம் ஊருக்குப் போயிருந்ததா?"

கடைசியில் இரண்டு சட்டை கொடுத்தான். இரண்டும் தேய்க்கவே தேவையில்லாத நைலான். ஒன்று பெட்டி பட்டதும் குழந்தைச் சட்டையாகச் சுருங்கியது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் இன்னும் பேசித் தீர்க்கவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது மார்லீன் பொதுவாக ஒரு பேச்சை எடுத்தாள். "தெல்மா ஒரே புலம்பல்." தெல்மா பௌல்ஸ் கிளப்பில் மார்லீன் ஆடும் பெண்கள் அணியின் தலைவி. புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்துக்கு மற்ற கிளப்புகள் எல்லாம் கலர் சட்டைக்குப் போய்விட்டன. தெல்மா இருக்கும்வரை இவர்களுக்கு வெள்ளைதான். அதுவும் மடிப்புக் கலையாத வெள்ளை.

"எதுக்குப் புலம்பல்?"

"டீமோட வெள்ளையெல்லாம் தேய்க்க ஆள் இல்லையாம். ரெண்டு பை நிறைய இருக்கு."

நெவிலின் முள்கரண்டி நின்றது. "ரெண்டு பையா?"

"பெரிய பை. விடு, உனக்கு எதுக்கு அது."

"நான் தேய்க்கிறேன்."

"வேணாம் நெவ். ஸ்கர்ட்டுல சுத்தி மடிப்பு. ஒவ்வொண்ணா எடுக்கணும்."

"தேய்ப்பேன்."

"உன்னால ஆகாது."

"ஆகாதா? கொண்டு வரச் சொல்லு!"

மார்லீன் பெருமூச்சு விட்டு, சரி, உன் இஷ்டம் என்றாள். நெவில் கூடுதலாக ஒரு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான். வசமாக மாட்டினாள் என்று நினைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் பாவமாகக் கூட இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை துணி மலையாகக் குவிந்தது. ரிமோட் மத்தியானம் வரை அவனுடையது. ஆனால் அன்றுதான் நெவிலுக்கு ஒரு உண்மை தெரிந்தது. மடிப்பு ஸ்கர்ட்டைத் தேய்க்கிறவன் டிவியைப் பார்க்க முடியாது. கண் துணியில் இருக்க வேண்டும். முக்கோணம் இருக்கும்போது குனிந்தான், நிமிர்ந்தபோது சதுரம் இருந்தது. நடுவில் ஆனதுதான் பாட்டே. அது போய்விட்டது. பாப் வீடியோ இப்படிப் பழிவாங்காது. ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டாலும் பல்லவி திரும்பி வரும், அதே இருபது பேர் அதே ஆட்டத்தை மறுபடி ஆடுவார்கள், சட்டைக் காலரை முடித்துவிட்டு நிதானமாக நிமிரலாம். இத்தனை வருடம் மார்லீன் ஏன் பாப் வீடியோவையே போட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் ரசனையைக் கிண்டல் செய்த நாட்களை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

உறைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். பச்சைக் கோடுகள் சேரும் இடத்தையாவது பார்ப்போம் என்று நிமிர்ந்தான். ஒரே ஒரு கணம்தான். தெல்மாவின் ஸ்கர்ட் பின்பக்கத்தில், எங்கே இருக்கவே கூடாதோ அங்கே, இஸ்திரிப்பெட்டி வடிவத்தில் பழுப்பாக ஒரு அடையாளம் விழுந்தது.

தெல்மா அன்று மாலையே வந்தாள். "நெவில், நான் குனிஞ்சுதான் பந்து உருட்டணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"எல்லாரும் பின்னாடிதான் நிப்பாங்க."

"மன்னிச்சுக்க தெல்மா. டிவியைப் பாத்துட்டேன்."

"இனிமே பாக்க மாட்டான்," என்றாள் மார்லீன். "நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை சொன்னபடியே உட்கார்ந்தாள். அவன் தலை நிமிரும்போதெல்லாம் சோபாவிலிருந்து "குனி" என்று ஒரு குரல் வந்தது. மற்ற நேரமெல்லாம் அவள் கண் திரையில்தான் இருந்தது.

நேரலை வரும் சனிக்கிழமையும் வந்தது. அன்று நெவில் திட்டம் போட்டு வேலை செய்தான். விடியற்காலையிலேயே ஆரம்பித்து, கூடையில் ஒரே ஒரு தலையணை உறையை மட்டும் மிச்சம் வைத்தான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தேய்க்கலாம். ரயில் ஓடும் இருபது நிமிடமும் கை உறையில், கண் திரையில். சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு டிவியில் ஜெர்மனியைப் பிடித்தான்.

அழைப்புமணி அடித்தது. தெல்மாவும் அவளோடு இரண்டு பெண்களும் உள்ளே வந்தார்கள். ஒருத்தி கையில் லாமிங்டன் கேக். தெல்மா கையில் ஒரு பை.

"நேத்துப் பயிற்சியில மழை பிடிச்சுக்கிச்சு நெவில். நாலு ஸ்கர்ட்டும் கசங்கிப் போச்சு. இன்னைக்கு ஃபைனல், இன்னும் ஒரு மணி நேரத்துல கிளம்பணும்."

"ஒரு இருபது நிமிஷம் பொறுத்துக்க தெல்மா. ஒரே ஒரு பாட்டு."

"தாராளமா நிறுத்திக்க," என்றாள் மார்லீன். "பெட்டியைக் கீழ வச்சா ரிமோட் என்கிட்ட வரும், நான் தெல்மாகிட்ட குடுத்துடுவேன். அவளுக்குக் குதிரையும் கிதாரும் வர்ற பாட்டுதான் உசுரு."

திரையில் ரயில் கிளம்பிவிட்டது. நெவில் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. முதல் ஸ்கர்ட்டை விரித்தான். நான்கு பெண்களும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்து கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"அட, ஜன்னல்ல விளக்கு எரியுது!"

"ஒவ்வொண்ணா எரியுது பாரு, அவசரமே படல."

"என்ன விளக்கு? எந்த ஜன்னல்?" என்றான் நெவில்.

"குனி!" என்றன நான்கு குரல்கள்.

குனிந்தான். தாளம் காதில் விழுந்தது. ஒவ்வொரு மடிப்பாக எடுத்தான். கடைசி ஸ்கர்ட்டின் கடைசி மடிப்பில் இருந்தபோது சோபாவில் பேச்சு அடங்கியது. கேக் மெல்லும் சத்தம் கூட நின்றது. யாரோ மெல்ல மூக்கை உறிஞ்சினார்கள். நெவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தான். திரையில் நன்றி என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. பிறகு அதுவும் இருண்டது.

"என்ன ஆச்சு? கடைசியில என்ன ஆச்சு?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை வாயால சொல்ல முடியாது நெவில்," என்றாள் தெல்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த ஜன்னலெல்லாம் சேர்ந்து... ம்ஹூம். பாத்தாத்தான் தெரியும்."

நெவில் தேய்த்து முடித்த ஸ்கர்ட்டுகளைத் தெல்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. "கெட்டிக்காரி நீ மார்லீன். 'தேய்க்க ஆள் தேட வேணாம், கொஞ்சம் பொறு, எங்க நெவ் தானா வந்து கேப்பான்'னு நீ சொன்னப்ப நான் நம்பவே இல்ல" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பப் போனாள்.

கூடை காலியாக இருந்தது. நெவில் ரிமோட்டை எடுத்து மார்லீனிடம் நீட்டினான்.

"இந்தா. பெட்டியும் உன்னுது, ரிமோட்டும் உன்னுது. பழையபடியே இருக்கட்டும்."

மார்லீன் ரிமோட்டைத் திரும்ப அவன் சட்டைப் பையிலேயே செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீயே வச்சுக்க நெவ், உன் பாட்டெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அடுத்த வாரமும் அதையே போடு. நீ குனிஞ்சு தேய், நல்ல இடம் வந்தா நான் சொல்றேன்."