கட்டி டொக்டரும் பெயரிங் உருண்டையும்

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் பட்டறை கட்டினேன். கலவரத்தில் அதை எரித்தார்கள். எரிந்த இடத்திலேயே முன்னதைவிடப் பெரிதாக இன்னொன்று கட்டினேன். பழைய இரும்புக் கடைகளில் துண்டு துண்டாகக் கிடந்த லேத் மெசின் ஒன்றைப் பொறுக்கி வந்து பூட்டி ஓட வைத்தேன். படித்த என்ஜினியர்மார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஏறாது என்று எல்லோரும் கைவிட்ட மேட்டில் வீடு கட்டி, தண்ணீரையும் ஏற்றினேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இத்தனையும் செய்தவன் சொல்கிறேன், நம்புங்கள். கண்டியில் என்னால் ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது மலை இல்லை. கட்டி டொக்டர்.

யாழ்ப்பாணத்து மனிதர். மிருக வைத்தியர். கட்டுக்கலைப் பக்கம் ஒரு சின்ன அறையில் நாய், பூனை பார்த்தார். மற்ற வைத்தியர்கள் காய்ச்சல் பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், கால் முறிந்தால் கட்டுவார்கள். இவருக்குக் கட்டி என்றால் உயிர். ஒரு நாயின் உடம்பில் மிளகளவு தடிப்பு இருந்தாலும், வாசலில் நிற்கும்போதே மனிதருக்கு மூக்கு விடைக்கும்.

கட்டியைப் பார்த்தவுடன் அவர் கட்டியைத் தொட மாட்டார். அதுதான் வேடிக்கை. முதலில் தாடைக்குக் கீழ், பிறகு தோள் முன்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால் என்று நெறி கட்டக்கூடிய இடமெல்லாம் இரண்டு விரலால் தேடிக்கொண்டு போவார். கட்டிக்குக் கடைசியில்தான் முறை வரும். இந்தப் பழக்கம் முற்றிப்போய், மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கப் போனவர், மறு கையால் தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, பின் பல்லு ஒண்டு பழுதாக் கிடக்கு. தேன்நிலவுக்கு முந்திப் புடுங்கிப் போடும்" என்றார். பெண் வீட்டார் ஒரு நிமிடம் யோசித்தார்கள்.

அவர் வாயிலிருந்து 'கேன்சர்' என்ற சொல் வந்ததை நான் கேட்டதில்லை. "பிழைக்குமா டொக்டர்?" என்று கேட்டால் கோபம் வரும்.

"கட்டி எங்க இருக்கெண்டு குருடனும் சொல்லுவான். அது எங்க போயிருக்கு எண்டதுதான் கேள்வி. சும்மா அந்தரப்படாதேங்கோ."

எங்களைப் போல ஆட்களுக்கு விளங்கட்டும் என்று பஸ்ஸை வைத்துச் சொல்லுவார். கட்டி, கண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. அங்கேயே நின்றால் வெட்டி எடுக்கலாம். பக்கத்து நெறிக்குள் போனால் அதே வீதியில் அடுத்த ஊர், குண்டசாலை. நெஞ்சுக்குள், நுரையீரலில் இறங்கினால் தெல்தெனிய. அதற்குப் பிறகு அவர் கத்தியை எடுக்க மாட்டார். கண்டியா, குண்டசாலையா, தெல்தெனியவா என்று தெரியாமல் கத்தியைத் தொடுகிறவன் வைத்தியன் இல்லை, இறைச்சிக்கடைக்காரன் என்பார்.

தெல்தெனியவிலிருந்து பூனை கொண்டுவந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "டொக்டர், நாங்க அங்க நல்லாத்தானே ஈக்கிறம்! எங்கட ஊர ஏன் மையத்து அடக்குற மையவாடியா ஆக்குறீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். டொக்டர் பூனையின் அக்குளில் விரலை வைத்தபடியே, "உங்கட பூனை இன்னும் ஊருக்குப் போகேல்லை, சந்தோசப்படுங்கோ" என்றார்.

இப்போது ரீட்டாவுக்கு வருகிறேன்.

கலவரம் முடிந்து, அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து நானும் என் மனைவி பாக்கியமும் திரும்பி வந்தபோது பட்டறை இருந்த இடத்தில் கரி. திருச்சியில் இருக்கும் தன் அண்ணனிடம் போய்விடலாம் என்று பாக்கியம் ஒரே பிடியாக நின்றாள். அன்றைக்கு வளைந்து கிடந்த தகரத்துக்குக் கீழே ஒரு நாய்க்குட்டி முனகியது. தூக்கிப் பார்த்தால் பெட்டை. அதன் மீசை கருகியிருந்தது.

"இத வுட்டுட்டு எப்புடிங்க போறது? நாய்க்கு யாரு பாஸ்போட் குடுப்பா?" என்றாள் பாக்கியம்.

அப்படித்தான் நாங்கள் கண்டியில் தங்கினோம். என் பட்டறை, லேத், வீடு எல்லாம் அந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது. அந்தக் குட்டிதான் ரீட்டா.

ரீட்டாவுக்கு வயதானபோது யுத்தம் நன்றாகச் சூடு பிடித்திருந்தது. ஒருநாள் பாக்கியம் அதைக் குளிப்பாட்டும்போது முலையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பார்த்தவர்களெல்லாம், "புத்துநோய்தான், ஊசி போட்டு முடிச்சிருங்க" என்றார்கள். பாக்கியம் அவர்களோடு பேச்சை நிறுத்தினாள். என்னோடு மட்டும் ஒரு வாக்கியம் பேசினாள்.

"ரீட்டா போனா நானும் திருச்சிக்குப் போறேன். நீங்க ஒங்க லேத்தோட இருங்க."

பாக்கியம் சொன்னால் செய்கிறவள். உடனே வேனை எடுத்தேன்.

கட்டி டொக்டர் வழக்கம்போல எல்லா இடமும் தடவி முடித்து, கடைசியில் கட்டிக்கு வந்தார். துணி அளக்கிற நாடா ஒன்றை எடுத்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் சட்டைப் பையிலிருந்த வேர்னியரை நீட்டினேன்; பட்டறையில் தண்டு அளக்கிற கருவி, மயிரிழை வித்தியாசமும் காட்டும். டொக்டர் அதை வாங்கி கட்டியை இப்படியும் அப்படியும் அளந்தார். முகம் மலர்ந்தது. அந்த வேர்னியர் பிறகு என்னிடம் திரும்பி வரவேயில்லை.

"மூண்டு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கீழ. நல்லது. நெறி ஒண்டும் தட்டுப்படேல்லை. எண்டாலும் ஊசி விட்டுப் பாப்பம்."

தொடை இடுக்கில் மெல்லிய ஊசி விட்டு, வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தீற்றி, நீலச்சாயம் ஊற்றி, மைக்ரஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். கடைசியில் நிமிர்ந்து, "குண்டசாலையில ஆளில்லை" என்றார். பாக்கியம் அங்கேயே கும்பிட்டாள்.

"கும்பிடாதேங்கோ பிள்ளை. தெல்தெனிய பாக்கேல்லை இன்னும்."

நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கப் பேராதனை வீதியில் அவருடைய சிநேகிதர் ஒருவரின் இடத்துக்குப் போனோம். மனிதருக்குப் படம் எடுக்கிற இடம். மத்தியானம் நோயாளிகள் சாப்பிடப் போகும் நேரத்தில், வெள்ளைச் சீலை விரித்து, ரீட்டாவை உள்ளே எடுத்தார்கள். இடப்பக்கம் படுக்க வைத்து ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மல்லாத்தி ஒன்று. மூன்றும் இல்லாமல் டொக்டர் அசைய மாட்டார். ஒன்றில் ஒளிவது இன்னொன்றில் தெரியுமாம்.

மூன்றாவது படத்தில் தெரிந்தது. நெஞ்சில் கடலைப் பருப்பளவு வெள்ளைப் புள்ளி.

படக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மச்சான், இது பரவிட்டுது. மனுசரெண்டா நான் எழுதிக் குடுத்திடுவன்."

தெல்தெனிய.

வீட்டுக்கு வந்து பாக்கியம் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினாள். சேலைகளை மடித்து வைக்கும் சத்தம் பட்டறை வரை கேட்டது. சேலை மடிக்கிற சத்தம் கேட்குமா என்று கேட்காதீர்கள். எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை டொக்டர் தானே பட்டறைக்கு வந்து இறங்கினார். கையில் அந்தப் படம். வந்தவர் வணக்கமும் சொல்லாமல் ரீட்டாவைப் புரட்டிப் போட்டு அதன் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தார்.

"முதலாளி, உந்தப் படக்காரன் மனுசரைப் பாக்கிறவன். அவனுக்கு ரெண்டுதான் கணக்கு. நாய்க்கு நெஞ்சில இருந்து வயிறு மட்டும் ரெண்டு வரிசையா முலைக்காம்பு நிக்குது. அதின்ர நிழலும் படத்தில விழும். இந்தப் புள்ளி நுரையீரலுக்கு உள்ள இருக்கோ, தோலுக்கு வெளிய இருக்கோ? படம் சொல்லாது. நாங்கதான் கேக்கோணும்."

பாக்கியம் கதவருகே வந்து நின்றாள். கையில் பாதி மடித்த சேலை.

இப்படிச் சந்தேகம் வந்தால் காம்பில் ஒரு வெள்ளை மருந்தைப் பூசி மறுபடி படம் எடுப்பார்களாம். அது சண்டைக் காலம். தலையிடிக் குளிசைக்கே வரிசை. அந்த மருந்து கண்டியில் எங்கும் இல்லை. டொக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இரும்பெண்டா பளிச்செண்டு தெரியும். சின்னதா, காம்பில ஒட்டக் கூடினதா ஏதும் கிடக்கோ?"

இரும்பு கிடக்குமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்! "வாங்க டொக்டர், சைக்கிள் பெயரிங் உருண்டை இருக்கு, ஜப்பான் சாமான்" என்று ஒரு டப்பாவைக் கவிழ்த்தேன். பெற்றோலில் நான் கழுவினேன். நம்பாமல் பாக்கியம் சவர்க்காரம் போட்டு இன்னொரு முறை கழுவினாள். நெஞ்சுப் பக்கத்துக் காம்பு ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டையை வைத்து டொக்டர் பிளாஸ்டர் ஒட்டினார். அங்கே போய் ஒட்டினால் மத்தியான இடைவெளி போதாது என்று பட்டறையிலேயே ஒட்டிவிட்டோம். ரீட்டாவை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

தமிழன் ஒருவன் அந்தக் காலத்தில் இரும்பு உருண்டைகளை ஓர் உடம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டு கண்டி நகரத்துக்குள் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவேயில்லை. எனக்குப் பெயரிங் ஞாபகம். டொக்டருக்குப் படம் ஞாபகம். பாக்கியத்துக்கு ரீட்டா ஞாபகம்.

செக் பொயின்ட்டில் வேனை மறித்த ஆமிப் பொடியன் உள்ளே எட்டிப் பார்த்தான். ரீட்டா நல்ல பிள்ளையாக மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. யாரைக் கண்டாலும் அதன் வழக்கம் அதுதான்.

"மே மொகக்த?" என்றான். இது என்ன என்று.

ஒரு பிளாஸ்டரின் ஓரம் கிளம்பியிருந்தது. உருண்டை மினுங்கியது. பொடியன் பின்னால் பாய்ந்தான். அடுத்த நிமிடம் எங்களைக் கீழே இறக்கினார்கள், சுற்றிலும் துவக்கு. வீதியில் நின்ற பஸ் தானாகப் பின்னுக்குப் போனது. நான் வேனில் சாய்ந்தபடி கையைத் தூக்கினேன். கால் நடுங்கியது என்று சிலர் பிறகு சொன்னார்கள், அது வேனின் என்ஜின் நடுக்கம்.

"ஐயோ, அது வயசான நாய்ங்க! சுட்டுறாதீங்க!" என்று பாக்கியம் தமிழில் கத்த, சார்ஜன்ட் ஒருவர் ரீட்டாவை நோக்கி நடந்தார். பிளாஸ்டரைப் பிய்க்கக் கையை நீட்டினார்.

அதுவரை கைகளைத் தூக்கியபடி சாதுவாக நின்ற கட்டி டொக்டருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சிங்களத்தில் சத்தம் போட்டார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"சுடுறதெண்டா என்னைச் சுடுங்கோ! பிளாஸ்டரில கை வைக்காதேங்கோ! அச்சொட்டாக் காம்பில வைச்சிருக்கிறன், அசைஞ்சா எல்லாம் வீண்!"

சார்ஜன்ட் கை அந்தரத்தில் நின்றது. உயிருக்குக் கெஞ்சுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். பிளாஸ்டருக்குக் கெஞ்சுகிறவரைப் பார்த்திருக்க மாட்டார். டொக்டர் தூக்கிய கையை இறக்காமலே, நடு வீதியில், கட்டி, நெறி, நெஞ்சு என்று கண்டியிலிருந்து பஸ் விட ஆரம்பித்தார். பின்னால் வாகனங்கள் நின்றுகொண்டேயிருந்தன. முடிவில் சார்ஜன்ட், ஒரு சிப்பாயைத் துவக்கோடு வேனில் ஏற்றினார். படத்தைப் பார்த்துவிட்டு வா. கதை பொய்யென்றால் மூவரையும் இங்கேயே கொண்டுவா என்று அவனுக்கு உத்தரவு.

இப்போது அந்தப் படத்தில் தொங்கியது ரீட்டாவின் உயிர் மட்டும் இல்லை.

வேனில் டொக்டர் சிப்பாய்க்குச் சிநேகமாகக் கைகொடுத்தார். மறு கை தாடைக்குக் கீழே போனது. "டொக்டர், வேணாம்! துவக்கு இருக்கு!" என்று நான் கத்தினேன். "பல்லு" என்றார் டொக்டர். பொடியன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஆமாம், ஒரு மாதமாக வலி என்றான்.

படம் ஈரத்தோடு வந்தது. விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். படக்காரர், சிப்பாய், பாக்கியம், நான் எல்லோரும் ஒரே தலையாகக் குனிந்தோம். வரிசையாக உருண்டைகள், நட்சத்திரம் மாதிரி. பழைய புள்ளி இருந்த இடத்தில், அதன்மேல் அச்சாகக் குந்தியிருந்தது ஓர் உருண்டை. நுரையீரலுக்குள் வேறு ஒன்றுமில்லை.

"காம்பு" என்றார் டொக்டர்.

பாக்கியம் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். ரீட்டா சிப்பாயின் சப்பாத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் காலை எடுக்கவில்லை. இனி நாய் பிழைக்குமா என்று அவன் கேட்டான். கேட்கக் கூடாத கேள்வி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் டொக்டர் கோபிக்கவில்லை. "இன்னும் கண்டியை விட்டு வெளிக்கிடேல்லை, மல்லி" என்றார், தம்பி என்பதைச் சிங்களத்தில்.

டொக்டர் வெட்டினார். கட்டியைப் போத்தலில் போட்டு ஆராய்ச்சிக்கு அனுப்பினார். கெட்ட கட்டிதான் என்று பதில் வந்தது. "கெட்டதுதான், ஆனா முதலாம் படி. வேளைக்குப் பிடிச்சிட்டம்" என்றார். ரீட்டா அதற்குப் பிறகு பல வருடம் என் பட்டறை வாசலில் படுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வயிற்றைக் காட்டி, கிழடாகி, தூக்கத்தில் போனது. அதற்குள் பாக்கியம் திருச்சிப் பேச்சை மறந்திருந்தாள். அந்தப் பெட்டியில் இப்போது ஸ்பேனர் கிடக்கிறது.

டொக்டரும் போய்விட்டார். கடைசிவரை கண்டியை விட்டு அவரும் நகரவில்லை. அவரிடம் தொழில் பழகிய பிள்ளைகள் அதே அறையை நடத்துகிறார்கள். சுவரில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் சொல்கிறார்களாம். போய்ப் பார்த்தேன். கீழே டொக்டரின் முழுப்பெயர் இருக்கிறது. நாயின் பெயர்கூட இருக்கிறது. உருண்டை எங்கிருந்து வந்தது, வானத்திலிருந்தா? கேட்டால், "ஒரு பட்டறைக்காரர் குடுத்ததெண்டு சேர் சொல்லுவார்" என்கிறார்கள். ஒரு பட்டறைக்காரர்!

ஆகவே இந்தப் பத்திரிகை மூலமாகக் கேட்கிறேன், கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்தச் சட்டத்தைக் கழற்றுங்கள். 'உருண்டை உபயம்: கட்டுகஸ்தோட்டை மாரிமுத்து' என்று எழுதிவிட்டு மாட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் டொக்டரின் பெயருக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல இருக்க வேண்டும். வேறு இடத்தில் என்றால் எனக்கு வேண்டாம்.