தேங்காய் மட்டும் தெளிவு

வீட்டில் ஒருவர் கமரா வாங்கிவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடக்கூட முடியாது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். உரும்பிராயில் எங்கள் வளவுக்குள் நின்ற மாடு, மாட்டின் முதுகில் இருந்த காகம், காகத்தைக் கலைக்க வந்த அம்மா என்று ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. (மாடு மட்டும்தான் கொஞ்சம் ஒத்துழைத்தது.)

கமராவோடு நான் வாங்கியது ஒரேயொரு லென்ஸ். பதினெட்டு மில்லிமீற்றரில் தொடங்கி முந்நூறு வரை நீளும். பக்கத்தில் நிற்கிற கூட்டத்தையும் எடுக்கலாம், பனை உச்சியில் இருக்கிற கிளியின் மூக்கையும் எடுக்கலாம். கழற்றி மாற்றுகிற வேலையே இல்லை. இப்படி ஒன்று இருக்க, ஏன் சிலர் மூன்று நான்கு லென்சுகளைத் தோளில் சுமந்து திரிகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்குப் புத்தி மட்டு என்று முடிவு கட்டியிருந்தேன். (அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. எல்லாம் தெரிந்திருந்த காலம்.)

அந்த லென்சுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்தால் தானாகவே வழுக்கி நீளும். அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, ஒருநாள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, நான் குனிந்த நேரம் அது நீண்டு அவரின் கொண்டையில் ஒரு தட்டுத் தட்டியது. அன்றிலிருந்து நான் கிட்டப் போனால் மாமி தலையைக் கையால் பொத்துவார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கன்னிகாதானம் செய்து கொடுக்கச் சித்தப்பாவும் சித்தியும் இருப்பார்கள் என்று முடிவானது. அம்மாவோ மணவறைப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார்.

"பெத்த தாய் பின்னுக்கு நிக்கிறதோ? உதென்ன ஞாயம்?" என்று அக்கா சண்டை பிடித்தாள்.

"விடு பிள்ளை. அப்பா போனாப் பிறகு நான் முன்னுக்கு வந்து நிண்டு, நாளைக்கு உனக்கு ஒரு தலையிடி வந்தாலும் அது என்ரை நெஞ்சிலைதான் கிடக்கும். நான் ஆறுதலாப் படத்திலை பாக்கிறன்."

அக்கா அழுதாள். நான் அழவில்லை. என்னிடம்தான் லென்ஸ் இருக்கிறதே!

"அம்மா, நீங்கள் கடைசி வரிசையிலையே நில்லுங்கோ. நானும் உங்களுக்குப் பக்கத்திலை நிண்டுதான் எடுப்பன். அத்தான் தாலி கட்டுறதை அப்பிடியே கிட்ட இழுத்து, அடுத்த நிமிசமே உங்களுக்குக் காட்டுவன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவளின்ரை முகம் தெரியுமோ பிள்ளை?"

"முகமோ? கண்ணிலை நிக்கிற தண்ணியே தெரியும்."

இதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு இரண்டு போட வேண்டும்போல் இருக்கிறது.

அதோடு விட்டேனா? கொக்குவிலில் ஸ்ரூடியோ வைத்திருந்த அண்ணை ஒருவரைச் சித்தப்பா படம் எடுக்கச் சொல்லியிருந்தார். நானே நேரில் போய் வேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. என் லென்சை வாங்கி, நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

"தங்கச்சி, உது எல்லாத்தையும் எடுக்கும். ஒண்டையும் வடிவா எடுக்காது. வெளியிலை வெய்யிலுக்கை பரவாயில்லை, மண்டபத்துக்கை கொண்டு போகாதையும். கிட்ட நிண்டு எடுக்கிற சின்ன லென்ஸ் ஒண்டு தாறன், கொண்டுபோம்."

"எனக்குக் கிட்டப் போகத் தேவையில்லை அண்ணை" என்றேன். தொழில் போகிற எரிச்சலில் கதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

கலியாணம் நல்லூரில் ஒரு மண்டபத்தில். காலையிலேயே நான் சனத்துக்கு ஒரு கட்டளை போட்டேன். "தாலி கட்டேக்கை ஒருத்தரும் போனை நீட்டாதேங்கோ. என்ரை படம் பழுதாப் போகும்." நல்ல மனிதர்கள், கேட்டார்கள். அக்கா கூறைச்சேலை மாற்றிக்கொண்டு மணவறைக்கு வந்து இருந்தாள். நான் கடைசி வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று லென்சை முந்நூறு வரை இழுத்தேன். கீழே அம்மா சேலைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. அத்தான் எழும்பினார். சனம் எழும்பியது. வாழ்த்தித் தூவுகிற அறுகரிசி பறந்தது. என் லென்ஸ் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கிர், கிர் என்று முன்னுக்கும் பின்னுக்கும் ஓடியது. நான் விரலை எடுக்கவேயில்லை. பதினேழு படங்கள்.

மேளம் ஓய்ந்ததும் கமராவின் திரையைப் பார்த்தேன்.

எல்லாத் தூரத்தையும் ஒரே குழாய்க்குள் அடக்கினால் எங்கேயாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அந்த லென்ஸ் விட்டுக்கொடுத்தது வெளிச்சத்தை. நீட்ட நீட்ட உள்ளே போகிற வெளிச்சம் குறையும். வெளிச்சம் காணாவிட்டால் கமரா கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கும். என் கை நடுக்கத்தை அது சமாளித்துவிடும். ஆனால் அந்த நேரத்துக்குள் அசைகிற மனிதர்களை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தாலி கட்டுகிற நேரத்தில் அசையாமல் நிற்கிற மனிதர் யார்? பதினேழு படத்திலும் அக்கா ஒரு சிவப்புக் கரைசல். அத்தான் ஒரு வெள்ளைக் கரைசல். மணவறையில் அசையாமல் இருந்தது ஒன்றே ஒன்று, கும்பத்துத் தேங்காய். அது மட்டும் ஓரளவு தெளிவாக விழுந்திருந்தது.

"காட்டு பிள்ளை" என்று அம்மா கையை நீட்டினார்.

"பொறுங்கோ அம்மா. கொம்பியூட்டரிலை போட்டால்தான் வடிவாத் தெரியும்."

"இதுக்குள்ளையே தெரியும் எண்டு சொன்னனியெல்லே?"

கொடுத்தேன். அம்மா திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பதினேழையும் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"கும்பம் நல்ல வடிவா வைச்சிருக்கினம்" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு என் தலையைத் தடவி, "பரவாயில்லை பிள்ளை, மேளச் சத்தம் கேட்டனான்தானே" என்றார்.

நான் ஏறி நின்ற கதிரையிலேயே இருந்து விக்கி விக்கி அழுதேன். அம்மா அந்த ஒரு நிமிடத்தை என்னை நம்பி விட்டுக்கொடுத்தவர். அதை நான் தேங்காயாக்கிப் போட்டேன்.

அழுத முகத்தோடு மணவறைக்குப் போய் அக்காவின் காதுக்குள் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கடைசி வரிசையை எட்டிப் பார்த்தாள். பிறகு முழு மண்டபத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஐயா, தாலி கட்டின படம் பழுதாப் போச்சு. திரும்ப எடுக்கோணும்."

"கட்டினது கட்டினதுதான் பிள்ளை" என்றார் ஐயர். "படத்துக்கெண்டால் மாப்பிள்ளை தாலிக்கொடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்."

"அப்ப அம்மாவும் வரட்டும்."

"உதென்ன புதுப் பழக்கம்?" என்று மாமி எழும்பினார்.

"இது சடங்கில்லை மாமி. படம்" என்றாள் அக்கா.

மாமி ஐயரைப் பார்த்தார். ஐயர் திடீரென்று கற்பூரப் பெட்டிக்குள் எதையோ தேடத் தொடங்கினார். மாமி சேலையை இழுத்துச் செருகினார். பிறகு விறுவிறென்று கடைசி வரிசைக்கு நடந்து போய், மாட்டேன் மாட்டேன் என்ற அம்மாவின் கையைப் பிடித்தார்.

"வாரும் மச்சாள். உவள் பிள்ளைக்குப் படம் எடுக்கத் தெரியாதாம். அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

அம்மா மணவறைக்கு வந்தார். அத்தான் கொடியைப் பிடித்தபடி நின்றார். நான் லென்சை முழுதாகச் சுருக்கி, கையெட்டும் தூரத்தில் நின்றேன். "சிரியுங்கோ" என்று சொல்ல வாயெடுக்க முதல், அம்மா குனிந்து, கொடியில் சிக்கியிருந்த அக்காவின் தலைமயிரை மெல்ல எடுத்துவிட்டார். அழுத்தினேன்.

அந்தப் படம்தான் அக்கா வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். முழுதாகச் சுருக்கினால் அந்த லென்ஸ் ஓரங்களை இழுத்து வளைக்கும். மணவறைத் தூண் வில்லாக நிற்கிறது, ஓரத்தில் நின்ற அம்மா இரண்டு மடங்கு அகலம். "என்னைப் பூசணிக்காயாக்கிப் போட்டாள்" என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் அம்மா முறைப்பாடு சொல்வார். சொல்லிவிட்டுப் படத்துக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவார்.

போன மாதம் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மாவின் மகனுக்குக் கலியாணம். பெரியப்பா இல்லாததால் பெரியம்மா பின்னுக்குப் போய்ச் சுவரோடு நின்றார். இப்போது நான் படம் எடுப்பதையே தொழிலாகச் செய்கிறேன், அன்று என் பையில் நல்ல லென்சுகள் மூன்று இருந்தன. அம்மா நேரே போய்ப் பெரியம்மாவின் கையைப் பிடித்தார்.

"வா அக்கா முன்னுக்கு. இவளுக்குத் தூர நிக்கிற ஆக்களை எடுக்கத் தெரியாது."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "இவ்வளவு காலமாயும் பழகேல்லையோ பிள்ளை?"

"இல்லைப் பெரியம்மா" என்றேன். "கிட்ட நிண்டால்தான் எனக்கு வரும்."