மயில் மேல் ஏறிய எருமை

“ஏர் புடிக்கிற வூட்டுப் பொண்ணு. கம்ப்யூட்டர இன்னா பண்ணி வைக்குமோ!” என்றார் மேனேஜர், என் காதில் விழும்படியே. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சுருக்கென்றது. ஆனால் ஒரகடம் வட்டாரத்திலேயே ஒரு கம்ப்யூட்டரை என்ன வேண்டுமானாலும் பண்ணக்கூடிய ஒரே ஜீவன் என் பக்கத்து நாற்காலியில் இருந்தது அவருக்குத் தெரியாது. மிக்சர் அக்கா!

அது 1991. எங்கள் மின்விசிறித் தொழிற்சாலைக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். பச்சைப் புள்ளிகளால் படம் காட்டும். அக்கா ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஏற்றிக் கலப்பாள். மிக்சர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். ‘ஆண்ட்’ என்று கட்டளை கொடுத்தால், இரண்டு படத்திலும் எரியும் புள்ளிகள் மட்டும் நிற்கும். மேனேஜர் முகத்தையும் கேன்டீன் பூனையையும் அப்படிக் கலந்தாள். மீசை மட்டும் நின்றது.

அவளுக்கு உயிர் ‘எக்ஸ்-ஆர்’. ஒன்றில் மட்டும் எரியும் புள்ளி எரியும். இரண்டிலும் எரிந்தால் அணைந்துவிடும். படம் கந்தலாகும். அதே படத்தை அதே இடத்தில் மறுபடி ஏற்றினால், பழையது முழுசாகத் திரும்பும்.

“கெட்டுப்போச்சா? அதையே இன்னொருவாட்டி கெடுத்துடு. சரியாப் பூடும்டி!”

வாழ்க்கைக்கும் அவளுக்கு அதுதான் சட்டம். குன்றத்தூர் போக வேண்டியவள் தவறான பஸ் ஏறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்குவாள். மறுபடி அதே பஸ்ஸில் ஏறுவாள். பஸ் திரும்பி வரும். “பாத்தியாடி?” என்பாள். சாம்பாரில் உப்பு கூடினால் இன்னொரு கை உப்பு. அது மட்டும் ஏனோ ஒருநாளும் பலிக்கவில்லை.

விசிறிப் பெட்டிக்கு மயில் முத்திரை வேண்டும் என்றார்கள். புள்ளி புள்ளியாக நான் வரைந்தேன். முதலாளிக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. அவர் வரும் நாளில், அக்கா மயிலின் மேல் தான் வரைந்த எருமைப் படத்தை எக்ஸ்-ஆரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். வேறு நகல் என்னிடம் இல்லை.

முதலாளியோடு மேனேஜர் உள்ளே நுழைந்தார்.

“இன்னாம்மா இது?”

“எருமை சார்.”

“மயிலு எங்க?”

“அதுக்குள்ளதான் சார் கீது.”

அதே எருமையை அதே இடத்தில் இன்னொரு தடவை ஏற்றினேன். எருமை போயிற்று. ஓர் இறகு குறையாமல் மயில் நின்றது. முதலாளி தலையாட்டினார். நான் வாங்கி வந்த இனிப்பில் பாதியை அக்காவே தின்றாள்.

ஆவணியில் கல்யாணமாகி அவள் கோயம்புத்தூர் போய்விட்டாள். மேனேஜர்கூட, “இன்னாம்மா, ஆபீஸு ஆபீஸு மாதிரியே கீது” என்று வருத்தப்பட்டார்.

அவளை அழைத்து வர ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். நாலு நாள் என்னோடு இருக்கட்டும். பிறகு போகட்டும். அவள் சட்டப்படி, எல்லாம் சரியாக இன்னும் ஒரே ஒரு தடவைதானே போக வேண்டும்.