காலி டின்னும் கரடி வீட்டுப் பட்டியலும்

ஒரு காட்டில், அதே காட்டுக்கே டூர் போன கரடிக் குடும்பம் ஒன்று இருந்தது. குகையிலிருந்து பொடிநடையாய்ப் பத்து நிமிஷம். அங்கே ஒரு கூடாரம், இரண்டு நாள் தங்கல்.

"இயற்கையோட இருக்கப் போறோம்," என்றது அப்பா கரடி.

"இவ்வளவு நாள் எதோட இருந்தோமாம்?" என்றது மகள் செவந்தி.

போனதும் அப்பா சட்டம் போட்டது. எல்லார் போனும் இந்தக் காலி டின்னுக்குள்ளே. வேலையைப் பிரித்துச் செய்யணும். ஒரு வேலைக்கு மூன்று நிமிஷம் போன். வேலை செய்யாதவருக்குக் கிடையாது.

செவந்தி போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பழம் பறிக்கிற விளையாட்டு ஒன்றை அது நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள் விடாமல் ஆடியிருந்தது. இருநூறாவது நாள் தங்கக் கூடை கிடைக்கும். ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. அந்த இருநூறு இன்றைக்குத்தான், சாயங்காலம் ஆறு மணிக்குள்.

"அப்ப உங்க போன்?"

"யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு குறிக்க வேண்டாமா? பட்டியல் இதுலதாம்மா இருக்கு."

செவந்தி தண்ணீர் தூக்கியது, சுள்ளி பொறுக்கியது, கூடாரத்துக்கு முளை அடித்தது. தம்பி மொக்கன் ஒரே ஒரு சுள்ளி கொண்டுவந்து, அதையும் கரையான் புற்றில் விட்டுக் குடைந்தது. அப்பா மரத்தில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் குரூப்பில் போட்டது. பெரியப்பா கரடி கைதட்டி அனுப்பியது.

"செவந்தி, அந்தக் குடத்தை இன்னொரு தடவை தூக்கு. மூஞ்சி சரியா விழல."

ஐந்தே முக்காலுக்குப் பத்து வேலை முடிந்தது. செவந்தி ஓடிப்போய் டின்னைத் திறந்தது.

அடியில் நாலு விரல்கடை தேன். பிள்ளைகள் தொடக்கூடாதென்று அப்பா பதுக்கியது. "அது காலி டின்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அப்பாவே நம்பிவிட்டது. தேன் வாசம் வந்ததே என்றால், கரடி வீட்டில் எந்த டின்னில் வரவில்லை?

மூன்று போனும் செத்துக் கிடந்தன. மொக்கன் தன் போனை நக்கியது. "நல்லாத்தான்க்கா இருக்கு."

செவந்தி அழவில்லை. "அப்பா, பட்டியலை வாசிங்க."

"அம்மா பதினாலு. நீ பத்து. மொக்கன் ஒண்ணு."

"நீங்க?"

அந்தக் கட்டம் காலி. நிஜமாகவே காலி.

"நான்தானேடி குறிச்சேன்!"

"குறிக்கிறது வேலைன்னா, அதை ஏன் குறிக்கல?"

அம்மா கரடி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னது: "சட்டம் நீங்க போட்டது. குடுங்க."

அப்பா போனில் செவந்தி தன் பெயரைப் போட்டு விளையாட்டைத் திறந்தபோது மணி ஐந்து ஐம்பத்தாறு. இரண்டு நிமிஷத்தில் தங்கக் கூடை வந்தது.

முப்பது நிமிஷம் முடிந்தும் போன் திரும்பவில்லை. "பட்டியல் இதுலதானே இருக்கு? யாராவது குறிக்கணும்ல?" என்றது செவந்தி.

மறுநாள் காலையில் செவந்தி அதே மரத்தில் சாய்ந்திருந்தது. எதிரே அப்பா கரடி மூச்சிரைக்க ஏறி வந்தது.

"அப்பா, குடத்தை இன்னொரு தடவை தூக்குங்க. மூஞ்சி சரியா விழல."

அம்மா கரடி அன்றும் பதினாலு வேலை செய்தது. போன் கேட்க அதற்கு நேரமில்லை.

நீதி: வீட்டு வேலையை எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், அதில் பட்டியல் எழுதுகிற வேலையை மட்டும் முந்திக்கொண்டு நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.